சுவிட்ச் போட்டதும் வரும் சேனல்

'அமைதிப்படை' படத்தின் ஓட்டு எண்ணும் காட்சியை என்னைவிட அதிகத் தடவை ஓட்டியவர் பெங்களூரில் இன்னொருவர் இருப்பது சந்தேகம். முன்னிலை நிலவரம் வரவர, நாற்காலி நுனியில் ஒடுங்கியிருந்த அமாவாசையின் உடம்பு நிமிரும், கால்மேல் கால் ஏறும், தன்னை வேட்பாளராக்கியவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற கூச்சம் கழன்று விழும். மணிவண்ணன் இயக்கி, சத்யராஜ் நடித்து 1994-ல் வந்த படம். என்னிடம் அதன் கேசட் மூன்று இருந்தது. இரண்டு தேய்ந்தே செத்துப்போயின.

நான் சினிமாக்காரன் இல்லை. ஸ்ரீராமபுரத்தில் கேபிள் ஆபரேட்டர். அப்பா குடியாத்தத்திலிருந்து வந்து பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் தள்ளாடத் தொடங்கிய காலத்தில் அவர் கைக்கு வந்த பணத்தில் பாதியை 1993-ல் மொட்டை மாடியில் ஒரு டிஷ்ஷாக நட்டுவைத்தேன். சன் டிவி அந்த வருஷம் ஏப்ரலில்தான் பிறந்திருந்தது. ஓகலிபுரம் வரைக்கும் மாடிக்கு மாடி வயர் இழுத்தேன். மாதம் பிறந்தால் வசூலுக்குப் போனது அம்மா. தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது மாடியில் பணத்தோடு எட்டிப்பார்ப்பார்கள். அந்தக் குரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆபரேட்டரிடமும் சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் இருந்தது. வி.சி.பி.யில் கேசட்டைச் செருகினால் முந்நூறு வீட்டில் படம் ஓடும். காப்புரிமை என்ற சொல் எங்கள் காதில் விழுந்ததில்லை. விழுந்தபோதும் விழாத மாதிரி இருந்தோம் என்பதுதான் சரி. 1994 கடைசியில் கர்நாடகச் சட்டசபைத் தேர்தல் வந்தபோது, ஓட்டுப்பதிவுக்கு முந்தின ராத்திரி 'அமைதிப்படை' போடச் சொல்லி ஒரு கட்சிக்காரர் வந்து கேட்டார். அரை மணி கழித்து எதிர்க்கட்சிக்காரர் வந்தார். அவரும் அதே படத்தைத்தான் கேட்டார். அமாவாசையாக இருந்து நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. ஆனவன் எதிர்த்தரப்பு ஆள் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. படம் ஓடியது. தெருவே சிரித்தது. மறுநாள் யார் யாருக்கு எப்போதும் போடுவார்களோ, அவரவர்க்குப் போட்டுவிட்டு வந்தார்கள்.

சோ எடுத்த 'முகமது பின் துக்ளக்'கையும் போட்டுப் பார்த்தேன். 1968-ல் நாடகமாக வந்து 1971-ல் படமானது. செத்துப்போன சுல்தான் திரும்பி வந்தான் என்று ஊரை நம்பவைத்து ஒருவன் தேர்தலில் ஜெயித்துப் பிரதமராகிறான், பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறான், கட்சி தாவி வந்தவர்களையெல்லாம் துணைப் பிரதமர் ஆக்குகிறான். மக்களின் ஏமாளித்தனத்தை அம்பலப்படுத்தப் போட்ட வேஷம், பதவி ருசித்ததும் கழற்ற மனமில்லாத வேஷமாகிவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் எங்கள் தெருவில் பாதிப்பேர் நடுவிலேயே தூங்கிப்போனார்கள். கன்னடத்திலும் ஒரு துக்ளக் உண்டு. கிரீஷ் கார்னாட் 1964-ல் எழுதியது. அதே சுல்தான் அங்கே சோகக் கதாநாயகன், நம்மிடம் வந்ததும் கோமாளி. இரண்டு ஊரின் குணத்தையும் இதிலிருந்து கண்டுபிடிக்கலாம் என்று எனக்கு வெகுநாள் ஓர் ஆசை, இதுவரை முடியவில்லை.

பெங்களூர் மேடையில் இன்னொரு வேடிக்கை நடந்தது. 'முக்யமந்திரி' என்ற நாடகம் 1980-லிருந்து இங்கே நூற்றுக்கணக்கான தடவை மேடையேறியிருக்கிறது. நாற்காலியைக் காப்பாற்ற எதையும் செய்யும் முதலமைச்சராக நடித்த சந்துருவுக்கு அந்த வேடமே பெயரானது. இன்றும் அவர் முக்யமந்திரி சந்துருதான். 1985-ல் அவர் கௌரிபிதனூரில் நிஜமாகவே தேர்தலில் நின்று எம்.எல்.ஏ. ஆனார். அரசியல்வாதியைக் கேலி செய்தால் மக்கள் அரசியலை வெறுப்பார்கள் என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

வருஷக்கணக்கில் இந்தப் படங்களை ஓட்டியவன் என்ற முறையில் எனக்கு அவற்றின் மேல் ஒரு குறை உண்டு. நம் அரசியல் நையாண்டிப் படங்களில் ஒரு தலைவன் மேடையில் பொய் சொல்வான், கீழே மக்கள் கைதட்டி ஏமாறுவார்கள். அவன் வாய்க்கும் அவர்கள் காதுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. நிஜத்தில் நடுவில் ஒரு வயர் இருக்கிறது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன்.

2002 காவிரித் தகராறின்போது ஏழெட்டுப் பேர் என் கடைக்கு வந்தார்கள். மிரட்டவில்லை. நான் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்தார்கள். தமிழ் சேனல் நாலு நாளைக்கு வேண்டாம் அண்ணா என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, போகும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். தமிழ் சேனல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடுலேட்டர், அதற்குப் பின்னால் ஒரு சின்ன கனெக்டர். திருகினால் கழன்றுவிடும். கழற்றினேன். நாலு நாள் என்றது அதற்கு மேலேயே போனது. சீரியல் போச்சே என்றுதான் முதலில் போன் வந்தது. இரண்டாம் நாளிலிருந்து கேள்வி மாறியது. ஓசூர்ப் பக்கம் என்னவோ நடக்குதாமே, மைசூர் ரோட்டில் பஸ்ஸை மறிச்சாங்களாமே என்று கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொன்னால் நம்பவில்லை. நடக்கவில்லை என்றால் ஏன் சேனலை நிறுத்தினாய் என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்குப் பதில் இல்லை. திரை கறுப்பாக இருந்தால் அவரவர் பயத்தை அவரவரே அதில் படமாக ஓட்டிக்கொள்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு நேர் எதிரானதை 2016-ல் பார்த்தேன். அந்த வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி, பத்து நாளைக்கு விநாடிக்கு 15,000 கன அடி தண்ணீரைத் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 9-ம் தேதி கர்நாடகம் முழுக்க பந்த். 12-ம் தேதி திங்கட்கிழமை நீதிமன்றம் அதை 12,000 கன அடியாகக் குறைத்து, செப்டம்பர் 20 வரைக்கும் நீட்டித்தது. அந்தத் திங்கட்கிழமையைப் பெங்களூர்த் தமிழர் யாரும் மறக்கவில்லை.

சிக்னல் பார்ப்பதற்காக என் ஆபீசில் மூன்று டிவி எப்போதும் ஓடும். அன்று காலையில் இடது பக்க டிவியில் ஒரு தமிழ் செய்தி சேனல். பெங்களூரில் ஒரு தமிழ் மாணவனைச் சிலர் சூழ்ந்துகொண்டு அடித்து, மன்னிப்புக் கேட்க வைக்கும் வீடியோ. கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து அவன் ஃபேஸ்புக்கில் ஏதோ போட்டிருந்தான். அடித்தவர்களே எடுத்துப் பரப்பிய வீடியோ அது. நடு டிவியில் ஒரு கன்னட செய்தி சேனல். ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டியின் டிரைவரைச் சிலர் அறையும் வீடியோ, அது முடிந்தால் மயிலாப்பூரில் கர்நாடகக்காரர் ஓட்டல் ஒன்றில் உடைந்து கிடக்கும் கண்ணாடி. வலது பக்கம் ஓர் இங்கிலீஷ் சேனல், அதில் இரண்டையும் போட்டு நடுவில் சண்டைக்கு ஆள் உட்கார வைத்திருந்தார்கள். நான் பார்த்த வரையில் இடது டிவியில் ராமேஸ்வரம் வரவில்லை, நடு டிவியில் மாணவன் வரவில்லை. கையிலிருந்த டீ ஆறுவதற்குள் இடதில் அறை விழுவதை எண்ணினேன், பதினேழு. நடுவில் எண்ணவில்லை, குறைந்திருக்காது.

டிரைவருக்கு ராமேஸ்வரத்தில் விழுந்தது ஓர் அறை. மத்தியானத்துக்குள் அது கர்நாடகத்தின் ஒவ்வொரு ஓட்டலிலும், மொபைல் கடையிலும், பஸ் நிலையத்திலும் திரும்பத் திரும்ப விழுந்தது. சாயங்காலம் டிசோசா நகர் டிப்போவில் கே.பி.என். பஸ்கள் வரிசையாக எரிந்தன. ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. நகரில் 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. ராஜாஜி நகர் அதில் ஒன்று, எங்களிடமிருந்து கூப்பிடு தூரம். பெட்ரோலை யார் கொண்டுவந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பது போலீசும் கோர்ட்டும் பார்க்க வேண்டிய வேலை. கூட்டம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். என் நடு டிவியிலிருந்து வந்தது.

இதில் எந்தச் சேனலும் பொய் சொல்லவில்லை. மாணவன் அடிபட்டது நிஜம், டிரைவர் அடிபட்டது நிஜம். எதைக் காட்டுவது, எதை விடுவது, எத்தனை தடவை காட்டுவது என்பதில்தான் கைவேலை எல்லாம் இருந்தது. வெட்டும் கத்தரிக்கோலும் திரும்பச் சுற்றும் சக்கரமும் இருந்தால் பொய் என்ற பழைய கருவிக்கு வேலையில்லை. நம் நையாண்டிப் படங்கள் இன்னும் அந்தப் பழைய கருவியையே கேலி செய்துகொண்டிருக்கின்றன.

வெட்டுவது என்றால் என்ன என்பதற்கு 2018-ல் சுற்றிய ஒரு வீடியோவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பைக்கில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். உண்மையில் அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கொஞ்ச நேரத்தில் பைக் திரும்பி வரும், குழந்தையை இறக்கிவிடுவார்கள், ஒரு குழந்தையைத் தூக்க ஒரு கணம் போதும், கவனமாக இருங்கள் என்ற பொருளில் ஓர் அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சம் கிடைத்தது பிள்ளை பிடிக்கிறவன். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயது சென்னைப் பெண்ணை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் 23-ம் தேதி எங்கள் ஊர் சாமராஜ்பேட்டையில், பிழைக்க வந்த 26 வயது ராஜஸ்தான் இளைஞனைக் கையைக் காலைக் கட்டி இழுத்து அடித்தார்கள், அவனும் பிழைக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் போன் கையில் படம் எடுத்தார்கள். அந்தப் படமும் சுற்றியது.

2012 ஆகஸ்டும் அப்படித்தான். அசாமில் நடந்த கலவரத்துக்கு இங்கே வடகிழக்கு மக்களைப் பழிவாங்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். சுற்றியது. திபெத்தியப் பகுதியில் 2010 நிலநடுக்கத்தில் செத்தவர்களின் உடல்களுக்கு நடுவே புத்த பிக்குகள் நின்ற படம், பர்மாவில் நடந்த படுகொலை என்று தலைப்பு மாற்றிக்கொண்டு வலம் வந்தது. என்னிடம் கம்பம் ஏற ஓர் அசாம் பையன் இருந்தான். சம்பளத்தைக்கூட முழுசாக வாங்காமல் கவுகாத்தி ரயிலுக்கு ஓடினான். சிட்டி ஸ்டேஷனில் அவனை ஏற்றிவிடப் போனேன். பிளாட்பாரத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள், ஒருவர் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. எல்லோர் கையிலும் போன் இருந்தது. அப்போது அரசாங்கம் ஒரு வைத்தியம் பார்த்தது: ஓர் ஆள் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பக் கூடாது, பதினைந்து நாளைக்கு. ஆறு வருஷம் கழித்து, 2018 கொலைகளுக்குப் பிறகு, வாட்ஸ்ஆப் கம்பெனி இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாமல் ஆக்கியது. அதே ஐந்து. ஐந்து பேரைக் கொண்டு ஒருவனை அடித்துக் கொல்ல முடியாது என்று யார் கணக்குப் போட்டார்களோ.

2025 மே 24-ம் தேதி, சென்னையில் 'தக் லைஃப்' விழா மேடையில் கமல் ஹாசன் பேசியதும் இப்படி வெட்டித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சிவராஜ்குமாரைத் தன் குடும்பம் என்று உறவு கொண்டாடும்போது, கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று ஒரு வரி சொன்னார். மொழியியல் படித்தவர்கள் கணக்கில் அது தப்பு. இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள், ஒன்று இன்னொன்றைப் பெறவில்லை. தப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் முன்னால் இருந்த உறவை வெட்டிவிட்டுப் பிறப்பை மட்டும் சுற்றில் விட்டார்கள். என் பக்கத்துக் கடைக்காரர், நல்ல மனிதர், என்னிடம் முப்பது வருஷமாகக் கன்னடத்தில் பேசுகிறவர், போனை நீட்டி இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். முழுப் பேச்சையும் பார்த்தீர்களா என்றேன். எதற்கு, இதிலேயே தெளிவாக இருக்கிறதே என்றார். படம் ஜூன் 5-ம் தேதி மற்ற இடங்களிலெல்லாம் வெளியானது, இங்கே வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் என்ன என்ற தொனியில் உயர் நீதிமன்றம் பேசியது. கும்பலின் மிரட்டலுக்காகத் தணிக்கை முடிந்த படத்தை நிறுத்தக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் படம் மற்ற ஊர்களிலேயே ஓய்ந்துவிட்டது.

நெருக்கடி நிலைக் காலத்தில் 'கிஸ்ஸா குர்சி கா' என்ற இந்திப் படத்தின் பிரதிகளை குர்காவுனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். ஒரு நையாண்டிப் படத்துக்கு அவ்வளவு பயம். இன்றைக்கு யாரும் ரீலை எரிக்க வேண்டியதில்லை. ரீல் விட்டால் போதும், அதற்கு ரீல்ஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நையாண்டிப் படங்களே இப்போது வெட்டுப்பட்டு அந்த வேலைக்குத்தான் போகின்றன. நாகராஜ சோழனின் பதினைந்து விநாடியை எடுத்து எதிர்க்கட்சித் தலைவர் முகத்தை ஒட்டி எல்லாக் கட்சியின் ஐ.டி. அணியும் அனுப்புகிறது. புலிகேசி வடிவேலுவுக்கும் அதே கதி. 1994-ல் என் கடைக்கு அரை மணி இடைவெளியில் வந்த அந்த இரண்டு பேரும் இப்போது கேசட்டுக்காக என்னிடம் வர வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஊரிலும் ஒரு நையாண்டிப் படம் எடுத்தார்கள். எஃப்.எம். ரேடியோவில் போன் போட்டு ஆட்களைக் கலாய்த்துக்கொண்டிருந்த டேனிஷ் சேட், தான் உருவாக்கிய பாத்திரத்தை 'ஹம்பிள் பொலிட்டீஷியன் நோக்ராஜ்' என்று 2018 ஜனவரியில் திரைக்குக் கொண்டுவந்தார். ஊழல் கார்ப்பரேட்டர் எம்.எல்.ஏ. ஆகத் துடிக்கிற கதை. சிரித்தேன். நாலே மாதத்தில் நிஜம் அதைத் தோற்கடித்தது. அந்த மே மாதத் தேர்தலில் பா.ஜ.க.வுக்கு 104 இடம், பெரும்பான்மை இல்லை. காங்கிரஸ் தன் எம்.எல்.ஏ.க்களை பஸ்ஸில் ஏற்றி பிடதி ஈகிள்டன் ரிசார்ட்டுக்குக் கொண்டுபோனது, பஸ்ஸின் பின்னாலேயே கேமராக்கள் ஓடின, எடியூரப்பா 17-ம் தேதி பதவியேற்று 19-ம் தேதி விலகினார். கூவத்தூர் பார்த்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று எங்காவது வயர் அறுந்திருந்தால் என்னை அடித்திருப்பார்கள். ஐ.பி.எல். மேட்சுக்குக்கூட அவ்வளவு போன் வந்ததில்லை.

என் குறைக்குப் பதில் சொல்ல நெருங்கிய படம் மடோன் அஷ்வினின் 'மண்டேலா'. 2021-ல் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் நேராக டிவியிலேயே வந்தது. அதில் கெட்டவன் தலைவன் மட்டும் இல்லை, ஊரே ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டைச் சுற்றி ஏலம் போடுகிறது. இந்தியில் 1986-ல் வந்த 'நியூ டெல்லி டைம்ஸ்' இன்னும் ஒரு படி போனது. ஊழலைத் துப்பறிந்து எழுதும் பத்திரிகை ஆசிரியர், தன் செய்தியே இன்னொரு அரசியல்வாதியின் காய் நகர்த்தல் என்று கடைசியில் கண்டுபிடிக்கிறார். தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்தது. செய்தியைச் சுமக்கிறவனைப் பற்றிய படம் என்றால் சுமக்கிறவர்களுக்குப் பிடிக்காது போலிருக்கிறது. கையில் போனோடு இருக்கிற ஆளைப் பற்றி, எண்ணிக்கைக்காக ஓர் அறையைப் பதினேழு தடவை ஓட்டச் சொல்லும் எடிட்டரைப் பற்றி, தோளைத் தட்டியதும் கனெக்டரைத் திருகும் என்னைப் பற்றி நம்மிடம் படம் இல்லை. எடுத்தால் தியேட்டரில் சிரிப்பார்களா என்பது சந்தேகம்தான். தன்னைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

எண்ணிக்கை என்றேன். அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அங்கேதான் இருக்கிறது. 2020 வாக்கில் நாட்டில் டிவி இருந்த வீடுகள் சுமார் 20 கோடி. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் அமைப்பின் மீட்டர் அப்போது இருந்தது சுமார் 44,000 வீடுகளில். அந்த மீட்டர் வீடுகளில் சிலவற்றுக்குக் காசு கொடுத்து ஒரே சேனலை ஓட வைக்கிறார்கள் என்று அந்த வருஷம் அக்டோபரில் மும்பை போலீஸ் வழக்குப் போட்டதும், செய்தி சேனல்களுக்கு ரேட்டிங் சொல்வதையே நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில்தான் திரும்ப ஆரம்பித்தார்கள்.

அதைவிடச் சுலபமான வழி ஒன்று எங்கள் தொழிலிலேயே இருந்தது. பெங்களூருக்கு 2013-ல் செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. என் மாடி டிஷ்ஷும் மாடுலேட்டர்களும் காயலான் கடைக்குப் போயின, நான் எம்.எஸ்.ஓ. எனப்படும் ஒரு பெரிய கேபிள் கம்பெனியின் கீழ் வெறும் வயர்க்காரன் ஆனேன். பாக்ஸை ஆன் செய்ததும் தானாக ஒரு சேனல் வரும், அதற்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். அந்த இடத்தைச் சேனல்கள் காசு கொடுத்து வாங்கும். சுவிட்ச் போட்ட ஒவ்வொரு வீடும் கொஞ்ச நேரமாவது அதைப் பார்த்த கணக்கு. 2018 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைத் தடுக்கப் பார்த்தது, 2019-ல் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. அந்தக் காசில் எனக்கு ஒரு பைசா வந்ததில்லை. ஆனால் வீடு வீடாகப் பாக்ஸை மாட்டியவன் நான். எங்கள் வீட்டிலும் நானே மாட்டினேன்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. வசூல் வேலையை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. ரிமோட்டில் சிவப்புப் பொத்தான் ஒன்றுதான் தெரியும். அமுக்கினால் டிவி வரும். சாயங்காலம் மருமகள் வந்து சீரியல் மாற்றும் வரைக்கும் எது வருகிறதோ அதுதான் டிவி. அந்தச் சமயம் லேண்டிங் பேஜில் இருந்தது ஒரு கன்னட செய்தி சேனல். அம்மாவுக்குக் கன்னடம் நன்றாகவே புரியும். எதிர்வீட்டு அஜ்ஜியிடம் ஐம்பது வருஷம் பேசிய கன்னடம் அது. யுகாதிக்கு அங்கிருந்து ஒப்பட்டு வரும், பொங்கலுக்கு இங்கிருந்து போகும்.

2017 ஏப்ரலில் 'பாகுபலி' இரண்டாம் பாகம் வர இருந்தது. சத்யராஜ் 2008-ல் சென்னையில் ஒரு போராட்ட மேடையில் பேசிய வீடியோவை யாரோ தோண்டி எடுத்தார்கள். ஒன்பது வருஷப் பழசு. நடுவில் 2015-ல் 'பாகுபலி' முதல் பாகம் இதே ஊரில் கூட்டம் கூட்டமாக ஓடியிருந்தது, அப்போது அந்த வீடியோ யாருக்கும் வலிக்கவில்லை. இப்போது வலித்தது. வாட்டாள் நாகராஜ் தலைமையில் கன்னட அமைப்புகள் படம் வரும் 28-ம் தேதிக்கு பந்த் அறிவித்தன. 'அமைதிப்படை'யில் சத்யராஜுக்கு நாகராஜ சோழன் என்று பெயர், அவருக்கு எதிராகக் கொடி பிடித்தவர் பெயரும் நாகராஜ். கதையாக எழுதிக் கொடுத்தால் எந்தத் தயாரிப்பாளரும் நம்ப மாட்டார். கடைசியில் 21-ம் தேதி சத்யராஜ் வருத்தம் தெரிவித்து ஒரு வீடியோ வெளியிட்டார், பந்த் கைவிடப்பட்டது. அதுவரைக்கும் அந்த ஒன்பது வருஷத்துப் பேச்சு எங்கள் வீட்டுக் கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடியது. அம்மாவுக்கு அது பழைய வீடியோ என்று தெரியாது. நேற்று பேசினான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அமாவாசைக்கு ஏண்டா இந்த வேலை என்று என்னிடம் கேட்டாள்.

அந்த வாரம் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு மார்க்கெட்டுக்குப் போனேன். ஸ்ரீராமபுரம் மார்க்கெட்டில் பத்துக் கடைக்கு எட்டுக் கடை தமிழ். அம்மா எப்போதும் கீரை வாங்கும் பெண்ணுக்கும் குடியாத்தம் பக்கம்தான். இருவரும் ஊர்க் கதை பேச ஆரம்பித்தால் நான் பையோடு ஓரமாக நின்று ஒரு சிகரெட் முடித்துவிடலாம். அன்று அம்மா குனிந்து, அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "ஒந்து கட்டு எஷ்டு?" என்றாள்.

கீரைக்காரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வீட்டிலும் நான் மாட்டிய பாக்ஸ்தான்.

"ஹத்து ரூபாயி," என்றாள், அதே தாழ்ந்த குரலில்.